குழாய் முனையிலிருந்து மேல்நோக்கி: கழிவுநீரில் நஞ்சைத் தேடிப் போகும் பயணம்

நாள் 1: குழாய் முனை

ஆலைக் கழிவுநீர் ஆற்றில் வந்து விழும் குழாய் முனையில் பயணம் தொடங்குகிறது. இங்கிருந்து போகும் திசை முழுக்க மேல்நோக்கித்தான். சுத்திகரிப்பு நிலையம், வரும் நீரைச் சேர்த்துச் சீராக அனுப்பும் சமன் தொட்டி, மேன்ஹோல்கள் என்று ஒவ்வொன்றாக ஏறி, நஞ்சு புறப்பட்ட இடம் வரை போக வேண்டும்.

விழும் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது. பி.ஓ.டி., சி.ஓ.டி. (நீரின் அழுக்கு எவ்வளவு ஆக்சிஜனைக் கேட்கும் என்ற அளவுகள்), மிதவைத் திடப்பொருள் எல்லாமே வரம்புக்குள். ஆனால் அதில் விட்ட நீர்த்தெள்ளு என்ற சின்ன ஓட்டுயிரி ஒரே நாளில் சாகிறது. இந்த நிலையில் பலரும் செய்வது, நூறு வேதிப்பொருள்களின் பட்டியலோடு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது. இது நாள்களை வீணாக்கும் வழி. பட்டியலில் இல்லாத பொருள் அகப்படாது. அகப்பட்ட பொருள் அந்த நீரில் நச்சாக இருக்கிறதா, கரிமத்தோடு கட்டுண்டு சும்மா கிடக்கிறதா என்றும் தெரியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் டுலூத் ஆய்வகத்தில் உருவாகி, 1991லும் 1993லும் கையேடுகளாக வந்த முறை இதைத் தலைகீழாகச் செய்கிறது. முதலில் நீரை மாற்றிப் பார், எந்த மாற்றத்தில் உயிரி பிழைக்கிறது என்று பார், பிறகு வேதியியல். குணமறிதல், அடையாளம் காணல், உறுதிசெய்தல் என்று மூன்று கட்டம்.

மாதிரி எடுப்பதில் இரண்டு வகையும் வேண்டும். 24 மணி நேரக் கலவை மாதிரி சராசரியைச் சொல்லும். ஒரே நேரத்தில் முக்கி எடுக்கும் மாதிரி உச்சத்தைச் சொல்லும். அரைமணி நேரம் மட்டும் வந்துபோகும் நஞ்சு கலவையில் கரைந்து மறைந்துவிடும். புட்டியிலும் கவனம் தேவை. எண்ணெய்த் தன்மையுள்ள கரிமப் பொருள்கள் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டும், நேர்மின்னூட்டம் உள்ள சில பொருள்கள் கண்ணாடியில் ஒட்டும். அதனால் இரண்டிலும் எடுத்து, இரண்டையும் சோதிப்பது நல்லது. மேலே காற்று இடமில்லாமல் கழுத்துவரை நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து, 36 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும்.

குளோரின், கரைந்த ஆக்சிஜன், பி.எச்., வெப்பநிலை, மின்கடத்துதிறன் ஐந்தையும் குழாய் முனையிலேயே அளக்க வேண்டும். மீதக் குளோரின் வண்டியில் போகும்போதே குறைந்துவிடும். ஆய்வகத்தில் அளந்து 'இல்லை' என்று எழுதினால் அது பொய்யான இல்லை.

நாள் 2: ஆய்வகத்தில் முதல் நிறுத்தம்

நீர்த்தெள்ளுகளில் சோதனைக்கு அதிகம் பயன்படுவது செரியோடாஃப்னியா டூபியா. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகள்தான் வேண்டும். ஒரு கோப்பைக்கு 5 குஞ்சு, ஒவ்வொரு செறிவுக்கும் 4 கோப்பை, 25 டிகிரி, 48 மணி நேரம். செறிவுகள் 100, 50, 25, 12.5, 6.25 சதவீதம். சுத்தமான நீரில் வைத்த கட்டுப்பாட்டுக் கோப்பைகளில் குறைந்தது 90 சதவீதம் பிழைக்காவிட்டால் அன்றைய சோதனை செல்லாது.

பாதியைக் கொல்லும் செறிவு எல்.சி.50. நூறை அதால் வகுத்தால் நச்சு அலகு. இந்தப் பயணம் நெடுக ஓர் எடுத்துக்காட்டு நீரைக் கையில் வைத்துக்கொள்வோம். அதன் எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. எல்.சி.50 25 சதவீதம், ஆகவே 4 நச்சு அலகு. இந்த 4 எங்கிருந்து வந்தது என்பதுதான் இனி முழுப் பயணமும்.

கோப்பையைக் கீழிருந்து வெளிச்சம் விட்டுப் பாருங்கள். நல்ல குஞ்சு சின்னச் சின்னத் தாவலாக மேலும் கீழும் போய்வரும். நஞ்சு ஏறிய குஞ்சு அடியில் ஒருக்களித்துக் கிடக்கும், உணர்கொம்பு மட்டும் விட்டுவிட்டுத் துடிக்கும். சில நஞ்சுகளில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். எத்தனை மணியில் எப்படி நடந்துகொண்டது என்று எழுதி வைப்பது அவசியம், கடைசிக் கட்டத்தில் அது சாட்சியாகும். ஓட்டுக்கடியில் காற்றுக்குமிழ் சிக்கி மேல்பரப்பில் மிதக்கும் குஞ்சைச் செத்ததாக எண்ணிவிடக் கூடாது. ஒரு சொட்டு நீரால் மெல்ல அமுக்கினால் இறங்கி நீந்தும்.

நாள் 3: ஒரே நீர், பல வேடங்கள்

குணமறிதல் கட்டம் இன்று. மாதிரியைப் பங்கு பிரித்து, ஒரு பங்கை பி.எச். 3க்கும், ஒரு பங்கை 11க்கும் கொண்டுபோய், ஒரு பங்கை வந்த பி.எச்.சிலேயே விட்டு, மூன்றிலும் வடிகட்டல், காற்றூதல், கரிமப் பொருள்களைப் பிடிக்கும் சி18 தூண் (இதற்கு மட்டும் 11க்குப் பதில் 9) ஆகியவற்றைச் செய்து, பழைய பி.எச்.சுக்குத் திருப்பிய பிறகே உயிரியை விட வேண்டும்.

அமிலமும் காரமும் ஊற்றி ஊற்றித் திருப்பும்போது உப்பு சேர்கிறது. பி.எச். மாற்றத்துக்கு எளிதில் இணங்காத நீரில் அந்த உப்பே குஞ்சுகளைக் கொல்லும் அளவுக்குப் போகும். அதனால் சுத்த நீரையும் அதே அளவு அமிலம், அதே அளவு காரத்தோடு கூடவே நடத்த வேண்டும். வெற்றுச் சோதனை இல்லாத முடிவை நம்புவதற்கு இடமில்லை.

வடிகட்டல்: 1 மைக்ரான் கண்ணாடியிழை வடிதாள். பி.எச். 11இல் வடிகட்டி நச்சு குறைந்தால், படிந்து வெளியேறிய உலோகத்தின் மேல் முதல் சந்தேகம். நம் நீரில் வடிகட்டல் எதையும் மாற்றவில்லை.

காற்றூதல்: உயரமான அளவுருளையில் ஒரு மணி நேரம். பி.எச். 3இல் குறைந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வகை, 11இல் குறைந்தால் அம்மோனியா வகை, ஆனால் அம்மோனியா நன்றாக வெளியேற உருளையைவிட அகன்ற கலம் வேண்டும். நம் நீரின் நச்சு அகன்ற கலத்தில், 11இல் கணிசமாகக் குறைகிறது. உருளையில் மூன்று பி.எச்.சிலும் கொஞ்சம் குறைவதும் தெரிகிறது, இது வேறொரு சங்கதி. குமிழோடு ஏறி, உருளையின் உள்சுவரில் நுரை காய்ந்த வளையமாக ஒட்டிக்கொள்ளும் பொருள்கள் உண்டு. நீரை நடுவிலிருந்து குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த வளையத்தைச் சுத்த நீரால் கழுவிக் குஞ்சுகளுக்குக் கொடுங்கள். கழுவிய நீர் கொன்றால் சோப்புத்தன்மையுள்ள பொருள் ஒன்று ஒளிந்திருக்கிறது. உருளையைச் சாய்த்து ஊற்றினால் வளையமும் நீரோடு கலந்துவிடும், தடயம் அழிந்துவிடும். இதே ஊதலைக் காற்றுக்குப் பதில் நைட்ரஜனால் செய்து பார்ப்பதும் நல்லது. நைட்ரஜனிலும் நச்சு போனால் வெளியேறியது அல்லது ஒட்டியது, காற்றில் மட்டும் போனால் ஆக்சிஜனேற்றம் அடைந்தது.

நாள் 4: தூண், பிடிப்பான், தணிப்பான்

சி18 தூணை மெத்தனாலால் நனைத்து, பிறகு நீரால் கழுவி, இடையில் காயவிடாமல் மாதிரியை ஓட்ட வேண்டும். காய்ந்த தூண் பிடிக்காது. காரப் பக்கத்தில் பி.எச். 9க்கு மேல் போக வேண்டாம், 11இல் தூணின் பூச்சே அரிபடும். தூணைத் தாண்டி முதலில் வந்த நீரையும் கடைசியில் வந்த நீரையும் தனித்தனியே பிடித்துச் சோதித்தால், நடுவழியில் தூண் நிரம்பி வழிந்ததா என்று தெரியும். பிறகு தூணில் தங்கியதை மெத்தனாலால் இறக்கி, சுத்த நீரில் கலந்து, நச்சு திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். மெத்தனாலும் நச்சுதான், அதற்கும் ஒரு வெற்றுச் சோதனை வேண்டும்.

நம் நீரில் தூண் 1 அலகை எடுக்கிறது, 3 அப்படியே இருக்கிறது. இறக்கிய மெத்தனாலிலோ நச்சு சரியாகத் திரும்பி வரவில்லை. இந்த இரண்டாவது செய்தியைக் குறித்து வையுங்கள், நாள் 7இல் தேவைப்படும்.

உலோகத்துக்கு இரண்டு மருந்து. இ.டி.டி.ஏ. செம்பு, காட்மியம், பாதரசம், துத்தநாகம், நிக்கல், ஈயம், மாங்கனீசு ஆகியவற்றைப் பிடித்துக்கொள்ளும். சோடியம் தயோசல்ஃபேட் குளோரின் போன்ற ஆக்சிஜனேற்றிகளைத் தணிப்பதோடு செம்பு, காட்மியம், பாதரசம், வெள்ளி ஆகியவற்றின் நச்சையும் குறைக்கும். இரண்டிலும் பிழைத்தால் செம்பு வகை. இ.டி.டி.ஏ.வில் மட்டும் பிழைத்தால் துத்தநாகம், நிக்கல் வகை. தயோசல்ஃபேட்டில் மட்டும் பிழைத்தால் குளோரினோ வெள்ளியோ. இ.டி.டி.ஏ.வை அள்ளிப் போடுவது பெரும் பிழை. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது கட்டிவிடும், மென்னீரில் அதுவே கொல்லும். நீரின் கடினத்தன்மையைப் பார்த்து மூன்று அளவில் கொடுத்து, எந்த அளவில் பிழைப்பு கூடி எதில் மறுபடி குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் நீரில் இரண்டுக்கும் பலனில்லை. உலோகமும் குளோரினும் விலகுகின்றன.

நாள் 5: பி.எச். ஏணி

இன்றைய சோதனையில் வேலை குறைவு, பலன் அதிகம். ஒரே நீரை பி.எச். 6, 7, 8 என்று மூன்று படியில் வைத்து, 48 மணி நேரமும் அங்கேயே நிலைநிறுத்த வேண்டும். கழிவுநீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேற வெளியேற பி.எச். தானாக ஏறும். 7இல் வைத்த கோப்பை மறுநாள் 8.3இல் நின்றால் சோதனை வீண். மூடிய கலத்தில் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை நிரப்பி நிறுத்தலாம், எம்.இ.எஸ்., மாப்ஸ் போன்ற, பி.எச்.சை மாறவிடாத தாங்கல்களும் உதவும்.

அம்மோனியாவில் கொல்வது பெரும்பாலும் அயனியாகாத பகுதி. 25 டிகிரியில் அது பி.எச். 7இல் சுமார் 0.6 சதவீதம், 8இல் சுமார் 5 சதவீதம், 8.5இல் சுமார் 15 சதவீதம். மொத்த அம்மோனியா ஒரு மில்லிகிராம்கூட மாறாமல், பி.எச். மட்டும் ஏறி, நஞ்சு இருபது மடங்குக்கு மேல் போகலாம். ஆற்றில் மீன் சாவது மாலையில் அதிகமாக இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள். பகலெல்லாம் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச, மாலையில் நீரின் பி.எச். உச்சத்தில் நிற்கும்.

நம் நீர் 6இல் சாதுவாக இருக்கிறது, 8இல் கொல்கிறது. அம்மோனியா என்று எழுதக் கை போகும். ஆனால் செரியோடாஃப்னியாவுக்குத் துத்தநாகமும் நிக்கலும் காட்மியமும்கூட பி.எச். கூடினால்தான் கடுமையாகும், செம்பும் ஈயமும் அதற்கு நேரெதிர். அம்மோனியாவை எடுக்கும் சியோலைட் என்ற கனிமம் சில உலோகங்களையும் சேர்த்தே எடுக்கும். ஆகவே ஏணி, சியோலைட், இ.டி.டி.ஏ., பி.எச். 11 காற்றூதல் நான்கும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் அம்மோனியா. நம் நீரில் சியோலைட்டுக்குப் பின் 1 அலகு மிஞ்சுகிறது. இ.டி.டி.ஏ. நேற்றே இல்லை என்றுவிட்டது. 3 அலகு அம்மோனியா, 1 அலகு தூண் பிடிக்கும் நுரைப்பொருள்.

நச்சலகுகள் எப்போதும் இப்படிக் கூட்டுத்தொகையாக வராது. ஒன்றோடொன்று சேராத இரண்டு நஞ்சுகளில் பெரியது 3, சின்னது 2 என்றால் வெளியில் தெரிவது 3 மட்டும்தான். பெரியதை நீக்கிய பிறகும் 2 நிற்கும், 'சிகிச்சை பலிக்கவில்லை' என்று தோன்றும். உண்மையில் ஒளிந்திருந்தது இப்போது வெளியே வந்திருக்கிறது.

உப்பைப் பற்றி ஒரு வரி. எந்தச் சிகிச்சைக்கும் அசையாத நச்சும், ஏறிய மின்கடத்துதிறனும் சேர்ந்து வந்தால் கரைந்த உப்பையே சந்தேகிக்க வேண்டும். ஆலை நீரின் அயனிகளை மட்டும் அதே அளவில் சுத்த நீரில் கலந்து செயற்கைக் கழிவுநீர் செய்து, அதுவும் கொல்கிறதா என்று பார்த்தால் போதும். சோடியம் குளோரைடுக்கு மீனைவிட நீர்த்தெள்ளு சீக்கிரம் சாகும், இந்த வேறுபாடும் ஒரு தடயம்.

நாள் 7: பெயர் தேடி

தூணில் தங்கியதைப் படிப்படியாகக் கூடும் மெத்தனால் செறிவுகளில் இறக்கி, ஒவ்வொரு பங்கையும் குஞ்சுகளுக்குக் கொடுத்து, கொல்லும் பங்கை மட்டும், ஆவியாகும் பொருள்களைப் பிரித்துப் பெயர் சொல்லும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் போடுவது வழக்கம். கருவி இருபது முப்பது பெயரைத் துப்பும். கருவியின் பதிவு நூலகத்தோடு பொருந்தியது என்பதற்காக எந்தப் பெயரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது. அதன் செறிவு அந்த நச்சை விளக்கப் போதுமா என்பதே கேள்வி.

நம் நீரில் எந்தப் பெயரும் போதவில்லை. இங்கேதான் நாள் 4இன் குறிப்பு உதவுகிறது. சி18இல் ஒட்டி, வெறும் மெத்தனாலுக்கு இறங்க அடம்பிடித்து, கண்ணாடிப் புட்டியில் வைத்தால் பிளாஸ்டிக் புட்டியைவிட நச்சு குறைந்து, நுரை வளையத்தில் சேரும் பொருள் எது? நேர்மின்னூட்டச் சோப்பு, அதாவது குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம்) வகைக் கிருமிக்கொல்லி. பென்சால்கோனியம் குளோரைடு அந்தக் குடும்பம். ஆவியாகாததால் ஜி.சி.யில் தெரியாது, திரவத்திலேயே பிரித்துப் பார்க்கும் எல்.சி.-எம்.எஸ். வேண்டும். தூணிலிருந்து இறக்க, அமிலம் சேர்த்த மெத்தனால் வேண்டும். சோப்புப் பொருளைப் பார்க்க வழக்கமாகச் செய்யும் மெத்திலீன் புளூ சோதனை எதிர்மின்னூட்டச் சோப்பைத்தான் காட்டும், குவாட்டை விட்டுவிடும்.

நாள் 10: சுத்திகரிப்பு நிலையம்

மறுபடி கழிவுநீரின் பக்கம். கசடு படியும் கிளாரிஃபையர், காற்றூட்டத் தொட்டி, சமன் தொட்டி மூன்றுக்கும் முன்னும் பின்னும் மாதிரி. நிலையமே நஞ்சைப் பிறப்பிக்கும் இடங்கள் உண்டு: கூடுதலாகப் போட்ட நேர்மின் பாலிமர், கடைசியில் போடும் குளோரின், குளோரினைத் தணிக்க அளவு மீறிப் போட்டு ஆக்சிஜனைக் குடிக்கும் சல்ஃபைட். அந்த மருந்துப் பீப்பாய்களையும் சோதனைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

காற்றூட்டத் தொட்டியில் நமக்கு வேண்டியது கிடைக்கிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்தால் ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7.1 மில்லிகிராம் காரத்தன்மையும் 4.6 மில்லிகிராம் ஆக்சிஜனும் செலவாகும். அவை முடங்கினால் அம்மோனியா மிஞ்சுகிறது, காரத்தன்மை செலவாகாமல் பி.எச். ஏறுகிறது, ஊதுகுழல் அதே வேகத்தில் ஓடக் கரைந்த ஆக்சிஜனும் ஏறுகிறது. கொல்லும் பொருளும் கூடி, அதைக் கொடியதாக்கும் பி.எச்.சும் கூடுகிறது. ஆக்சிஜன் மீட்டர் நல்ல எண் காட்டுகிறதென்று இயக்குபவர் நிம்மதியாக இருக்கும் அதே நாளில் குழாய் முனை நஞ்சாகிறது.

குவாட்டும் முடக்கமும் தொடர்புள்ளவையா? தொட்டிக் கசடை (நுண்ணுயிர்கள் நிறைந்த சேற்றை) எடுத்து, அம்மோனியாவும் சந்தேகப் பொருளும் சேர்த்து, சில மணி நேரத்தில் உருவாகும் நைட்ரைட்டையும் நைட்ரேட்டையும் அளக்கும் ஐ.எஸ்.ஓ. 9509 சோதனை இதற்கென்றே இருக்கிறது. பொருள் சேர்க்காத கலம் ஒன்று, அலைல்தயோயூரியா போட்டு முழுக்க நிறுத்திய கலம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே சந்தேகப் பொருளின் கலங்கள்.

நாள் 11: மேன்ஹோல்கள்

ஆலைக்குள் எந்தப் பிரிவிலிருந்து வருகிறது? மேன்ஹோலுக்குள் யாரும் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடினால் மூக்கு மரத்துவிடும், வாசம் இல்லை என்பது பாதுகாப்பு இல்லை. மூடியைத் திறந்து, வாயு மானியைக் கயிற்றில் இறக்கிப் பார்த்து, மேலிருந்தே குழாய் விட்டுப் பம்பால் எடுக்க வேண்டும்.

பச்சையாக எடுத்த நீரின் நச்சை வைத்துப் பிரிவுகளை வரிசைப்படுத்துவது பலர் செய்யும் தவறு. ஃபீனால் பச்சையில் கடுமையாகக் கொல்லும், பழகிய கசடு அதைத் தின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு பிரிவின் நீரையும் அதன் ஓட்ட விகிதத்தில் கசடோடு கலந்து, நிலையத்தில் தங்கும் நேரம் அளவுக்குக் காற்றூதி, தெளியவிட்டு, வடிகட்டி, அதன் பிறகு சோதிக்க வேண்டும். கசடே நச்சாக இருக்கலாம் என்பதால் கசடும் சுத்த நீரும் மட்டும் உள்ள கலம் கட்டாயம். இந்தக் கலத்தில் மிஞ்சிய நச்சலகை ஓட்டத்தால் பெருக்கினால் சுமை. நாளைக்கு 20 கன மீட்டரில் 40 அலகு என்றால் 800. 600 கன மீட்டரில் 4 அலகு என்றால் 2,400. மிரட்டும் நீரைவிட அமைதியான நீர் மூன்று மடங்கு பொறுப்பு.

ஆனால் நம் நீரில் இந்தக் கணக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை. குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து அவ்வப்போது திறந்துவிடும் கழிப்பு நீர் ஆறு நாள் சுத்தமாக இருந்து, ஏழாம் நாள் மட்டும் குவாட் சுமந்து வருகிறது. வாரம் ஒருமுறை ஷாக் டோஸ், அதாவது ஒரேயடியாகக் கொட்டும் கிருமிக்கொல்லி. மாதிரி எடுத்த நாள்களைக் கோபுரத்தின் மருந்துப் பதிவேட்டோடு அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும். எந்த ஆலையிலும் கருவிகளுக்கு முன் கேட்க வேண்டியது அந்தப் பதிவேடு: கிருமிக்கொல்லி, தொட்டி கழுவும் நாள், புதிதாக மாற்றிய சோப்பு, எல்லாம் தேதியோடு.

நாள் 14: திரும்ப ஆய்வகம், உறுதிசெய்தல்

ஒரு சாட்சி போதாது. சந்தேகப் பொருளை மாதிரியில் இரட்டிப்பாக்கினால் அதற்குரிய நச்சலகும் இரட்டிக்க வேண்டும். லிட்டருக்கு 90 மில்லிகிராம் அம்மோனியாவை 180 ஆக்கி, பி.எச்.சை அதே இடத்தில் பிடித்தால், 3 அலகு 6க்குப் பக்கத்தில் வர வேண்டும். அந்த 3 வந்த கணக்கு: அதே கடினத்தன்மை, அதே பி.எச். உள்ள சுத்த நீரில் அம்மோனியாவின் எல்.சி.50 30 மில்லிகிராம், நம் நீரில் 90. பிறகு இரண்டு பொருளையும் செயற்கைக் கழிவுநீரில் அதே அளவில் சேர்த்து, குஞ்சுகள் அதே நேரத்தில் அதே விதமாகச் சாகின்றனவா என்று நாள் 2இன் குறிப்போடு ஒப்பிட வேண்டும். குவாட்டுக்கும் அம்மோனியாவுக்கும் தாங்குதிறன் வேறுபடும் மற்றோர் உயிரியிலும் செய்தால் சாட்சி வலுக்கும்.

இதெல்லாம் ஒரே மாதிரியில் முடிந்துவிடாது. பல வாரங்களில் எடுத்த மாதிரிகளில், கணக்கில் வந்த நச்சலகை ஒரு அச்சிலும் அளந்ததை இன்னொன்றிலும் குறித்தால், கோடு பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு ஒன்று என்று ஏற வேண்டும். புள்ளிகள் சிதறினால் இன்னொரு நஞ்சு உள்ளே இருக்கிறது, நாள் 3க்குத் திரும்ப வேண்டும். சிரமம்தான், ஆனாலும் திரும்பத்தான் வேண்டும். தவறான பொருளுக்குச் சிகிச்சைத் தொட்டி கட்டிவிட்டால் ஆறு அப்படியே செத்துக்கொண்டிருக்கும்.

நாள் 15: கோபுரத்தடி

நம் நீரில் 3 அலகு அம்மோனியாவுக்கு அம்மோனியா நீக்கும் தொட்டி கட்டுவது சரியான வேலை அல்ல. நுண்ணுயிரைக் கொல்வதை நிறுத்தினால் அவையே அதைச் செய்துவிடும். ஷாக் டோஸ் அன்று கழிப்பு வால்வை மூடி, அந்த நீரைத் தனித் தொட்டியில் பிடித்து, பென்டோனைட் களிமண்ணில் குவாட்டை ஒட்டவைத்து, தெளிந்த நீரைச் சமன் தொட்டிக்குச் சொட்டுச் சொட்டாக விடலாம். கிருமிக்கொல்லியை மாற்றுவதானால், புதியதையும் நைட்ரேட் சோதனையில் போட்டுப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாக வளர்பவை. கசடைக் குறைவாக வெளியேற்றி அவற்றைத் தொட்டிக்குள் தங்கவைக்க வேண்டும். கசடு வயதைப் (கசடு தொட்டியில் சராசரியாகத் தங்கும் நாள்களைப்) போல மூன்று மடங்கு காலம் கடக்கும் முன் எடுக்கும் மாதிரியில் பழைய நச்சே தெரியும். அதுவரை தொட்டியின் அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் நாள்தோறும் எழுதி வரவேண்டும். அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறினால், அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் முதல் பாதி நுண்ணுயிர்கள் எழுந்துவிட்டன, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் இரண்டாம் பாதி இன்னும் எழவில்லை. நைட்ரைட்டும் நஞ்சு என்பதால் அந்த இடைக்கால மாதிரியைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். நைட்ரைட்டும் இறங்கிய வாரத்தில், கோபுரத்துக்கு அடுத்த ஷாக் டோஸ் விழும் நாளைப் பார்த்து, பிளாஸ்டிக் புட்டி ஒன்றும் கண்ணாடிப் புட்டி ஒன்றுமாகக் குழாய் முனைக்கு.